தாரை வார்க்க ஒரு அப்பா

இல்சேவின் கல்யாணத்துக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. அப்பா மட்டும்தான் பாக்கி.

காளவாசல் சிக்னல் பக்கம், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த ஆபீசில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். வாழைமரம், நாதஸ்வரம், ஐயர், கொம்புக்குச் சாயம் பூசிய மாட்டுவண்டி, குலவை போடப் பொம்பளைகள், பந்தியில் உட்காரச் சொந்தக்காரர்கள் என்று எதைக் கேட்டாலும் வரும். முதலாளி ஸ்ரீராம்குமார் எல்லாவற்றுக்கும் கைவசம் ஆள் வைத்திருந்தார். பாண்டிமீனா அவரிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பரவைக்கு மேற்கே ஒரு காலனி அவளுக்கு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். வந்தவர்களோடு இங்கிலீஷில் பேசுவதும், அவர்கள் சிரிக்கிற இடத்தில் சிரிப்பதும், பதிவு ஆபீசுக்கு நடையாய் நடப்பதும் அவள் வேலை. முதல் இரண்டுக்கும் மூன்றாவது தேவலை என்று நினைப்பாள்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சட்டப்படியான கல்யாணத்தைத் தங்கள் ஊரிலேயே முடித்துவிட்டு, இங்கே வந்து போட்டோவுக்காகத் தாலி கட்டிக்கொண்டு போவார்கள். இல்சேவும் மார்ட்டினும் அப்படியில்லை. பெல்ஜியத்துக்காரர்கள். மதுரையிலேயே நடக்க வேண்டும், சட்டப்படியும் நடக்க வேண்டும் என்றார்கள். மார்ட்டினுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. மனைவி என்று சான்றிதழ் காட்டினால்தான் இல்சேவும் கூடப் போக முடியும்.

ஸ்ரீராம்குமார் அதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். இரண்டு பேரும் இந்துவாக மாறிவிட்டதாக எங்கேயாவது ஒரு தாள் வாங்கி, கோயில் கல்யாணமாகப் பதிந்துவிடலாம் என்றார். மீனா ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், இந்து இல்லாத ரெண்டு பேருக்கு அந்தச் சட்டம் செல்லாது. நாளைக்குக் கனடாக்காரன் நோண்டிப் பாத்தான்னா அந்தப் பொண்ணு ஏர்போர்ட்ல பெட்டியோட நிக்கும்."

சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. ஒருத்தராவது முப்பது நாள் இந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நோட்டீஸ். அந்த நோட்டீஸ் இன்னொரு முப்பது நாள் ஆபீஸ் பலகையில் தொங்க வேண்டும். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், அதிகாரி முன்னால், மூன்று சாட்சிகள் முன்னால் முடிக்கலாம். ஐயர் வைப்பதும் மேளம் வைப்பதும் அவரவர் இஷ்டம். சட்டத்துக்கு அதனால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இவ்வளவையும் மீனா வெள்ளைத்தாளில் படம் போட்டு இல்சேவுக்கு விளக்கினாள்.

இரண்டு பேரும் வில்லாபுரத்தில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். நோட்டீஸ் ஆடி மாதம் முழுக்கப் பலகையில் தொங்கியது. போகிறபோதெல்லாம் மீனா அதை எட்டிப் பார்ப்பாள். பக்கத்தில் வேறு நோட்டீசுகளும் தொங்கின. உள்ளூர்ப் பையன், உள்ளூர்ப் பொண்ணு, வேறு வேறு சாதி. அதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துப் போவதற்கென்றே சில பேர் அந்த வராண்டாவில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வெள்ளைக்காரர்களுடையதை எவனும் படம் பிடிக்கவில்லை. அவர்கள் எந்தச் சாதியாயிருந்தால் எவனுக்கு என்ன.

அப்பாவுக்குத்தான் ஆள் இல்லாமல் போனது. இல்சேவின் அப்பா எங்கேயோ இருந்தார். அவரைக் கூப்பிட அவளுக்கு விருப்பமில்லை. ஸ்ரீராம்குமாரிடம் பத்ரி என்று ஒரு ரிட்டையர்டு பேங்க் ஆபீசர் இருந்தார். நல்ல நிறம், நல்ல தொந்தி. எத்தனையோ பெண்களுக்கு அப்பாவாக உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தவர். அவருக்கு இந்த நேரம் பார்த்துக் கண் ஆபரேஷன்.

"வேற ஆள் பாத்துட்டிருக்கோம்னு சொல்லு," என்றார் ஸ்ரீராம்குமார். மீனா சொன்னாள். இல்சே, ஆள் பார்க்க வேண்டாம், உன் அப்பா போதும் என்றாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் இல்சே காலனிக்கு வந்திருந்தாள். உன் வீட்டைப் பார்க்கணும், பார்க்கணும் என்று அரித்து எடுத்துவிட்டாள். மீனாவின் அம்மா தங்கப்பொண்ணு கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தாள். முள் அதிகம் என்பதால் அப்பா மருது இல்சேவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டையும் பிய்த்து, முள்ளை எடுத்து, சதையை மட்டும் அவள் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற கை. சின்ன வயசில் மீனாவுக்கும் அப்படித்தான் செய்வார். இல்சே அத்தனையையும் தின்றாள். எழுந்திருக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. குழம்புக் காரம் என்று தங்கப்பொண்ணு சீனியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

மீனா விஷயத்தைச் சொன்னபோது ஸ்ரீராம்குமார் 'சரி' என்றுதான் சொன்னார். ஆனால் அந்தச் 'சரி' வருவதற்குள் மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டை இரண்டு தடவை உருட்டிவிட்டார். பிறகு, எந்த ஊர் என்று யாராவது கேட்டால் திருமங்கலம் பக்கம் என்று சொல்லச் சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை. கெட்டவராயிருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

கல்யாணத்துக்குப் பிடித்திருந்த இடம், பரவை தாண்டி உள்ளே, கண்மாய்க்கரையில் ஒரு கிராமத்துக் கோயில். முன்னால் கல்மண்டபம், பின்னால் தண்ணீர், போட்டோவில் அள்ளும். வெளிநாட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாராளமாக ஏறலாம். கோயில்காரர்கள் அவர்களுக்கு மாலை போட்டு வரவேற்பார்கள்.

மருது கேட்டதும் தயங்கினார். "அது அவங்க கோயிலுல்ல தாயி. நம்மாளுக வெளிய நின்னு கும்பிட்டு வர்ற எடம்."

"நம்மள அந்த ஊர்ல யாருக்குப்பா தெரியும்? பட்டுவேட்டி கட்டுனா நீயும் பத்ரி சாரும் ஒண்ணுதான்."

இதைச் சொன்னவள் மீனாதான். படித்த வாய்.

அவர் ஒத்துக்கொண்ட பிறகு வீடே மாறிப்போனது. மருது மீசையை ஒதுக்கினார். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, ஒரு தேங்காயை இரண்டு கையிலும் ஏந்தி, அசையாமல் உட்கார்ந்து பழகினார். தங்கப்பொண்ணு செம்பிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். "கம்பியாட்டம் விழுகணும்ங்கிறாரு ஐயரு. நீரு கைய ஆட்டாம இரும்," என்று புருஷனை அதட்டினாள்.

"ஆட்டலடி. நாளப்பின்ன நம்ம புள்ளைக்குச் செய்யிறப்ப நடுங்கக் கூடாதுல்ல. இப்பயே பழகிக்கிறேன்."

மீனாவுக்கு அவருடைய அந்த ஆசையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதே சமயம், அந்த மண்டபத்தில் அவர் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வெறியும் ஏறியிருந்தது.

ஆவணி முகூர்த்தம். காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. கண்மாயில் தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது. ஓரமெல்லாம் வெடித்த சேறு, அதன் நாற்றம். இல்சே மஞ்சள் பட்டில் வியர்த்து வழிந்துகொண்டு சிரித்தாள். மார்ட்டினின் வேட்டிக்கு பெல்ட் போட்டிருந்தார்கள். அவர்கள் ஊரிலிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பேர் விசிறியும் கையுமாக நின்றார்கள். திருமணப் பதிவு அதிகாரி பாண்டியராஜன், தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்திலேயே கையெழுத்து வாங்குவதற்காக வந்து காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மருது பட்டுவேட்டியும் சட்டையும் தோளில் சரிகைத் துண்டுமாக மண்டபத்தில் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனையில் உட்கார்ந்தார். வலது பக்கம் தங்கப்பொண்ணு, கையில் செம்போடு. சுப்பராமன் ஐயர் மந்திரத்தை ஓட்டினார். மார்ட்டின் கை கீழே, இல்சேவின் கை மேலே, அதற்கும் மேலே தேங்காயோடு மருதுவின் கை. நடுங்கவில்லை. தங்கப்பொண்ணு செம்பைச் சரித்தாள். தண்ணீர் கம்பிபோல இறங்க ஆரம்பித்தது. மீனா போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அழகுபாண்டி வந்தார். அந்தக் கோயிலின் பெரியதனக்காரர். பரவை மார்க்கெட்டில் மருது மூட்டை தூக்குகிற வெங்காய மண்டிக்கு முதலாளியும் அவர்தான். இது ஸ்ரீராம்குமாருக்குத் தெரியாது, மீனாவுக்கும் தெரியாது. போனில் எவனையோ வைதுகொண்டே படியேறியவர், மணமக்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே போயிருப்பார்.

மருது எழுந்துவிட்டார்.

அவர் நினைத்து எழவில்லை. முதலாளி குரல் கேட்டதும் உடம்பு தானாக எழுந்தது. தோள்துண்டு தானாக இறங்கி அக்குளுக்குள் போனது. முதுகு வளைந்தது. தேங்காய் உருண்டு ஓடியது. தங்கப்பொண்ணு கவனிக்காமல் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மனைப்பலகையில் சொட்டி அவள் முழங்காலை நனைத்தது. கல்யாணத்தில் பெண்ணைக் கொடுக்கிறவன் நட்டநடுவில் எழுந்து கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

அழகுபாண்டி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஏய், மருதா? நீ எங்கடா இங்க?"

மருதுவுக்கு அவரைவிடப் பத்து வயசாவது கூட இருக்கும்.

"சும்மா முதலாளி. மக வேல பாக்குற எடம். கூப்ட்டாக."

"கூப்ட்டா? மேல ஏறி உக்காந்துருவியா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பந்தியில் உப்பு கேட்பது போலத்தான் சொன்னார். வெள்ளைக்காரர்கள் இதுவும் சடங்கு என்று நினைத்துச் சிரித்த முகமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கைகூடத் தட்டினாள். மீனா போனைக் கீழே இறக்கினாள். வாயில் புளித்த எச்சில் ஊறியது. அழகுபாண்டியின் மூஞ்சியைப் பார்த்து வந்தது பாதி. கும்பிட்ட கையோடு இளித்துக்கொண்டு நின்ற தன் அப்பாவைப் பார்த்து வந்தது மீதி. இரண்டாவதை யாரிடமும் ஒருநாளும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்ரீராம்குமார் ஓடிவந்து அழகுபாண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குசுகுசுத்தார். அழகுபாண்டி தாராள மனசோடுதான் பேசினார். வந்த விருந்தாளிகள் முன்னால் ஊர் மானம் போகக் கூடாது, கல்யாணம் நிற்க வேண்டாம், கழுவுவதை அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்றார். பெண்ணைக் கொடுக்கத் தானே உட்காருவதாகவும் சொன்னார்.

"முகூர்த்தம் தாண்டறது. யார் உக்காந்தாலும் சரி, சீக்கிரம் உக்காருங்கோ," என்றார் சுப்பராமன் ஐயர். அவருக்கு அடுத்த கல்யாணம் இருந்தது.

மருது ஏற்கெனவே இறங்கியிருந்தார். தங்கப்பொண்ணு மட்டும் செம்போடு நின்றாள். அதை யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சமையல்காரரிடம் நீட்டினாள், அவர் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஐயரிடம் நீட்டினாள், அவர் தர்ப்பையைச் சரிசெய்தார். "அதக் கீழ வச்சுட்டு எறங்குத்தா," என்று அழகுபாண்டியோடு வந்திருந்த அவர் சம்சாரம் சொன்னாள். சொன்ன கையோடு வீட்டுக்கு ஆளனுப்பி வேறு செம்பு கொண்டுவரச் சொன்னாள்.

ஸ்ரீராம்குமார் மீனாவின் காதருகே வந்து, அப்பாவுக்குச் சுகர் இறங்கி மயக்கம் வந்துவிட்டது என்று இல்சேவிடம் சொல்லச் சொன்னார். இல்சே இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீனா இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னாள். என் அப்பா பிறந்த சாதிக்கு இந்தக் கல்லின் மேல் உட்கார உரிமையில்லை என்கிறார்கள், அதனால் இறக்கிவிட்டார்கள், இப்போது இறக்கிவிட்டவரே உனக்கு அப்பாவாக உட்காரப் போகிறார்.

இல்சேவின் முகம் வெளுத்தது. உன் அப்பாவை அடிப்பார்களா என்று முதலில் கேட்டாள். இல்லை என்றாள் மீனா. இதனால் சான்றிதழுக்கு ஏதும் பாதகம் உண்டா என்று அடுத்துக் கேட்டாள். இல்லை, தாரை வார்ப்பதைச் சட்டம் கணக்கில் எடுக்காது என்றாள் மீனா. அப்போது அந்தப் பெண்ணின் தோள் தளர்ந்து இறங்கியதை மீனா பார்த்தாள். நிம்மதி. இல்சே மார்ட்டினைத் திரும்பிப் பார்த்தாள். மார்ட்டின் மெல்லச் சொன்னான்: இது அவர்கள் பண்பாடு, நாம் தலையிடுவது முறையில்லை.

இல்சே திரும்ப மனையில் உட்கார்ந்தாள். அழகுபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு, மருது உட்கார்ந்திருந்த பலகையைத் தள்ளிவிட்டு, வேறு பலகையில் உட்கார்ந்தார். குலவை போடப் பிடித்துவந்த பெண்கள் குலவை போட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் மீனாவின் காலனிதான். மதிலுக்கு வெளியே நின்று போட்டார்கள்.

தாலி ஏறி முடிந்து பாண்டியராஜன் காரிலிருந்து இறங்கியபோது அடுத்த சிக்கல் வந்தது. சாட்சிகளாக ஏற்கெனவே பதிவேற்றியிருந்த பெயர்கள் ஸ்ரீராம்குமார், பாண்டிமீனா, மருது. உறுதிமொழியில் இந்த மூன்று பேரும் முதலில் கையெழுத்திட வேண்டும். பிறகு இவர்கள் முன்னால் மணமக்கள், உன்னைச் சட்டப்படி மனைவியாக ஏற்கிறேன், கணவனாக ஏற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் கல்யாணம். அதுவரைக்கும் நடந்ததெல்லாம் சட்டத்தின் கண்ணில் வெறும் வேடிக்கை. மருது பெயருக்குப் பதில் தன் பெயரைப் போடச் சொன்னார் அழகுபாண்டி.

"அதெல்லாம் முடியாதுங்க. சாட்சிய மாத்தணும்னா திரும்ப ஆபீசுக்கு வரணும். திங்கக்கெழம பாப்போம்," என்றார் பாண்டியராஜன்.

மார்ட்டின் பதறிப்போனான். மறுநாள் விடியும் முன்னே அவர்களுக்கு விமானம். விசா அதோடு முடிகிறது. விட்டால் மறுபடி வந்து, மறுபடி முப்பது நாள் குடியிருந்து, மறுபடி முப்பது நாள் பலகையில் தொங்கவிட வேண்டும்.

ஸ்ரீராம்குமார் மூளைக்காரர். வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி மேஜையைத் தூக்கி மதிலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற புளியமரத்தடியில் போடச் செய்தார். மருது அங்கேதான் நின்றிருந்தார். அவர் வர முடியாத இடத்துக்குச் சட்டம் இறங்கி வந்தது. உள்ளே மண்டபத்தை மஞ்சள்தண்ணீர் விட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. வாளி வாளியாக விட்டார்கள். வெள்ளைக்காரி ஒருத்தி அதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீராம்குமார் கையெழுத்துப் போட்டார். மருது நாற்காலியில் உட்கார மறுத்து, குனிந்து நின்று, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு இல்சேவைப் பார்த்துச் சிரித்தார். பாண்டியராஜன் பேனாவை மீனா பக்கம் நீட்டினார்.

மீனா வாங்கினாள். வாங்கிவிட்டுக் கேட்டாள்.

"சார், சாட்சின்னா இங்க பாத்ததுக்குத்தான சாட்சி?"

"ஆமா."

"இன்னிக்கு நான் என்ன பாத்தேன்னு கீழ எழுதலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மதில் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. "அதுக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. கையெழுத்து மட்டுந்தான்."

"அப்பச் சரி," என்று பேனாவை மூடித் தாள்மேல் வைத்தாள். "எனக்கு வேணாம்."

ஸ்ரீராம்குமார் முதலில் சிரித்தார். பிறகு கெஞ்சினார். பிறகு, நாளைக்கு ஆபீசுக்கு வரத் தேவையில்லை என்றார். வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இல்சே மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மருதாணிக் கை, ஈரமாயிருந்தது. தயவுசெய்து என்றாள். உனக்குத் தெரியும், இந்தக் காகிதம் இல்லாமல் நான் அவனோடு போக முடியாது என்றாள். தெரியும். அந்தச் சட்டத்தை அவளுக்குப் படம் போட்டு விளக்கியவளே மீனாதான். நான் என்ன தப்பு செய்தேன் என்று இல்சே கேட்டபோது மீனா கையை மட்டும் உருவிக்கொண்டாள்.

தங்கப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மருதுதான் மகளிடம் வந்தார்.

"போட்ரு தாயி. அந்தப் புள்ள பாவம்."

"அவ பாவம்னா நீ யாருப்பா?"

"எனக்கு என்ன. எனக்குப் பழக்கந்தான."

"அதுதான் எனக்குக் கொமட்டுது."

அவர் அடிபட்டதுபோல நின்றார். சொல்லியிருக்க வேண்டாம் என்று மீனாவுக்கு உடனே தோன்றியது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்தாள்.

மருது வண்டிக்கு வரவில்லை. மேஜைக்குத் திரும்பிப் போனார். இல்சேவுக்கு முன்னால் போய் நின்று, கழுத்தில் தாலியும் மாலையுமாக அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் தலைமேல் கைவைத்து, மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"எம் மகளுக்குக் கோவம் தாயி. பொல்லாத கோவக்காரி, ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா. நாளைக்குத் தணிஞ்சுரும். நான் சொல்லிப் போடச் சொல்றேன். நாளைக்கு வந்து போட்ருவா."

இல்சேவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவர் குரலில் ஏதோ நல்ல சேதி இருப்பதுபோலப் பட்டிருக்க வேண்டும். அழுகையை நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று மீனாவைப் பார்த்துக் கேட்டாள்.

மீனா வண்டியைக் கிளப்பினாள். அவர் சொன்னதை இல்சேவுக்குச் சொல்லவில்லை. நாளைக்கு அவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள் என்பதை அப்பாவுக்கும் சொல்லவில்லை.